வலப்பக்கத்து மலை

பக்கவாதத்திலிருந்து மீண்டெழுந்த அப்பாவுக்கு உலகத்தின் இடப்பாதி இல்லாமற்போயிற்று. கண்ணில் பழுதொன்றுமில்லை, மூளைதான் அந்தப் பக்கத்தைக் கைவிட்டுவிட்டது என்றார் மருத்துவர். தட்டின் வலப்பாதியை மட்டும் உண்டுவிட்டு எழப் பார்ப்பார். அம்மா தட்டைத் திருப்பி வைத்தால், மீதியைப் புதிதாய்ப் பரிமாறியதென்று மகிழ்ந்து உண்பார். இடப்புறமிருந்து கூப்பிட்டால் குரல் கேட்கும். ஆனால் கூப்பிட்டவரைத் தேடி வலப்புறமே திரும்புவார். அதனால் வீட்டுக்குள் எங்கே போனாலும் அவருடைய வலப்புறமே நடக்க அம்மா பழகிக்கொண்டாள்.

முப்பத்தோராண்டு நகரப் பேருந்து ஓட்டியவர் அவர். மேடென்று சொல்லப் பாலங்களைத் தவிர வேறெதுவும் இல்லாத ஊர். பணிமனையில் தம் பெட்டிக் கதவின் உட்புறம், பனிமலைக் கணவாய்ச் சாலையின் படமொன்றை ஒட்டி வைத்திருந்தார். ஓய்வுபெற்ற அன்று அதைப் பிய்த்தெடுத்து வந்து அம்மாவிடம் கொடுத்தார்.

“இத்தனை வருஷமா முன்னாடி பாத்தே ஓட்டிட்டேன். இந்த ரோட்டுல வேற எவனாவது ஓட்டட்டும். நான் உன் பக்கத்துல உக்காந்து வேடிக்கை பாத்துட்டு வரணும்.”

மூன்றாம் மாதம் படுத்தார். கணவாயில் பனி விலகி வழி திறந்திருப்பதோ ஆண்டுக்கு நான்கே மாதம். இன்னொரு முறை தாக்கினால் உடம்பு தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்னும் சொல் அவ்வீட்டிலிருந்து ஓசையின்றி வெளியேறிவிட்டது.

வழியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு மகளுடையது. மருந்துக்கடையில் வேலை செய்யும் அவள், உணவு இடைவேளைகளில் மாத்திரைப் பெட்டிகளை ஒதுக்கி வரைபடத்தை விரிப்பாள். எந்தச் சாலை அழகு என்று பிறர் தேடுவார்கள். எந்தச் சாலையின் அழகு வலப்பக்கம் விழும் என்று அவள் தேடினாள்.

ஞாயிறு காலை, சமையலறை மேசையில் அறிவித்தாள்.

“சுரங்க வழி சீக்கிரம், ஆனா இருட்டைத்தான் பாக்கலாம். எல்லாரும் தெற்கேருந்து ஏறுவாங்க. ஏரி, பனிமலை எல்லாம் இடப்பக்கம். நாம சுத்திப் போய் வடக்கேருந்து ஏறினா, அத்தனையும் அப்பாவோட வலப்பக்கம் வந்துடும்.”

“நூத்தி இருபது கிலோமீட்டர் சுத்து,” என்றார் வண்டி ஓட்டப்போகும் மருமகன். “மாமாவுக்காக அந்த மலையையே தூக்கி இந்தப் பக்கம் வச்சிருப்பேன் அத்தை, முதுகுவலிதான் விடல.”

அம்மா சிரித்தாள். பிறகு வரைபடத்தின் சிவப்புக் கோட்டை விரலால் தடவியபடி கேட்டாள்:

“இவர் வலப்பக்க ஜன்னலோரம் உக்காந்தா, நான் எங்க?”

மகளுக்கு அப்போதுதான் உறைத்தது. அத்தனை கணக்குப் போட்டவள் இதை மறந்திருந்தாள். அப்பாவின் உடம்பு இடப்புறம் சரியும். அங்கே அமர்ந்து தாங்க ஒருவர் வேண்டும். அம்மாவைத் தவிர வேறு யார் தாங்கினாலும் சீறுவார். அந்த இடத்தில் அமர்ந்தால் அம்மா அவருக்கு இல்லை.

“மாமாவை முன்னாடி உக்கார வச்சா?”

“வேண்டாம் மாப்பிள்ளை. போன தடவை ஒவ்வொரு திருப்பத்துலயும் இல்லாத பிரேக்கை மிதிச்சு உங்களை வைஞ்சது மறந்துபோச்சா?”

“மறக்குமா? எனக்கு லைசென்ஸ் குடுத்தவன் யாருன்னு கேட்டாரே.”

மகள் சிரிக்கவில்லை. “தெற்கு வழியே போவோம்மா. அப்பா இடப்பக்கக் கதவுல சாஞ்சுக்கட்டும், நீ வலப்பக்கம் இரு. அவர் ஆசைப்பட்டது உன்கூடப் போறதுதானே?”

“அப்படிப் போனா அவருக்கு என்ன தெரியும்? என் மூஞ்சியும், அதுக்குப் பின்னால பாறையும். என் மூஞ்சிய இங்கயே பாத்துக்கலாம், டிக்கெட் கூட வேண்டாம்.” அம்மா வரைபடத்தை மடித்து மகள் கையில் வைத்தாள். “வடக்கேருந்தே ஏறுங்க.”

கணவாய் திறந்த இரண்டாம் வாரம் புறப்பட்டார்கள். வானில் ஒரு துணுக்கு மேகமில்லை. கீழ்த்திருப்பங்களில் அப்பா வாய்க்குள் எதையோ எண்ணிக்கொண்டு வந்தார். ஒன்பதாம் திருப்பத்தில் பாறை விலகியது. வலப்புறம் முழுவதும் வெண்மை. வெயில் பட்டுப் பொன்னுருகி வழியும் சிகரங்கள். அவற்றின் அடியில், கண்ணொன்று திறந்தாற்போல் நீல ஏரி.

அப்பா கண்ணாடியில் நெற்றியை ஒட்டி நெடுநேரம் பார்த்தார். பிறகு மகள் இருந்த முன்னிருக்கையை நோக்கிச் சொன்னார்:

“அம்மாவையும் கூட்டிட்டு வந்திருக்கலாம்மா. வருஷக்கணக்கா சொல்லிட்டே இருந்தேன்.”

மருமகனின் பார்வை சாலையை விட்டு அகலவில்லை. வண்டி மட்டும் சற்றுத் தளர்ந்தது. மகள் சரேலெனத் திரும்பினாள். அப்பாவின் இடக்கை அம்மாவின் மடியில், அவளுடைய இரு கைகளுக்குள் இருந்தது. சொல்லாதே என்று அம்மா தலையசைத்தாள்.

“நல்லாப் பாத்துட்டு வாங்க,” என்றாள் அம்மா, வீட்டில் பேசும் அதே குரலில். “வந்து எனக்கு ஒண்ணு விடாம சொல்லணும்.”

குரல் கேட்டதும் அப்பாவின் முகம் மலர்ந்தது. அவளைத் தேடி ஆவலோடு வலப்புறம் திரும்பினார். அங்கே கண்ணாடியும், அதற்கப்பால் பனிமலையும் இருந்தன.

“எதுக்கு வர்ற வரைக்கும்? இப்பவே சொல்றேன், கேளு,” என்று மலையிடம் தொடங்கினார். “மேல பூரா வெள்ளை. கீழ ஒரு ஏரி...”

அம்மா அவர் பிடரியைப் பார்த்தபடி, ஒவ்வொன்றுக்கும் ‘ம்’ கொட்டிக்கொண்டு வந்தாள்.