ரெஜி வாங்கி வந்த கத்தி

துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்குக் கட்டன்சாயா போட்டுப் போட்டே புஷ்பபாயின் கை ஓய்ந்துவிட்டது. தம்பி ரெஜியை அடக்கம் செய்து ஒன்பது நாள். ஆரியங்கோட்டு வீட்டின் முன்னறையில் அவள் கணவர் ராஜதாஸ் உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் அந்தச் சாயங்காலத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்ல அதற்கு ஒரு மெருகும் ஏறியிருந்தது.

நல்ல மழை. ரெஜி ஓட்டிய கார் வளைவில் வழுக்கிக் குளத்தில் இறங்கியது. பெல்ட் போடுகிற பழக்கமே இல்லாத ராஜதாஸ், விழுந்த அடியில் திறந்துகொண்ட கதவு வழியாக வெளியே வந்துவிட்டார். ஒழுங்காகப் பெல்ட் போட்டிருந்தவன் மாட்டிக்கொண்டான். பெல்ட்டின் பூட்டு விடவில்லை. கார் சேற்றுக்குள் மூக்கைப் புதைத்து இறங்க இறங்க, தண்ணீர் அவன் நெஞ்சுக்கு ஏறியது. இதுவரைக்கும் நடந்தது நடந்தபடிதான். அப்புறம்தான் கத்தி வரும்.

"எனக்க கையில பிச்சாத்தி உண்டு. இவனே மஸ்கட்டுல இருந்து கொண்டு வந்து தந்ததாக்கும். பெல்ட்டுல வச்சு ஒரு இழுப்பு இழுத்தேன். அடியோட ஒடிஞ்சு போச்சு. பிடி மட்டும் கையில நிக்குது. கொள்ளாத சாதனம். பாவி, நல்லதா ஒண்ணு பாத்து வாங்கியிருந்தாம்ணா இண்ணு உயிரோட இருப்பான்."

இதைக் கேட்கும்போதெல்லாம் உள்ளறையில் ரெஜியின் அம்மா ஆனந்தபாயின் அழுகை உயரும். முதல் இரண்டு நாள் மகன் போனதற்காக அழுதாள். மூன்றாம் நாளிலிருந்து அழுகையே மாறிவிட்டது. "எனக்க மவனே, நல்லது பாத்து வாங்கத் தெரியாமப் போச்சே உனக்கு" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். செத்தவன் தலையிலேயே பழி. அது புஷ்பபாய்க்குப் பொறுக்கவில்லை. ஆனாலும் தண்ணீருக்குள் நின்று காப்பாற்றப் பார்த்த மனுஷனிடம் என்னவென்று சண்டை போடுவது?

தன் கணவரை அவளுக்குத் தெரியாதா! வயரிங் வேலைக்குப் போகிற இடத்தில் எது கோளாறானாலும் சாமான்தான் குற்றம். ஏணி சரியில்லை, டெஸ்டர் சரியில்லை. ரெஜி கொடுத்த மடக்குக் கத்தியால் அவர் எதையாவது அறுத்து அவள் பார்த்ததில்லை. பெயிண்ட் டப்பா மூடி, சுவிட்ச் போர்டு, மழையில் ஊதிப்போன ஜன்னல், எல்லாவற்றையும் நெம்புவார். "அது நெம்பதுக்கு உள்ளதா?" என்று கேட்டால், "பின்ன கண்ணாடிப் பெட்டியில வச்சுப் பாக்கவா?" என்று சிரிப்பார்.

அன்று மாலை வீட்டு ஜெபத்துக்கு ஆட்கள் வரத் தொடங்கியபோது, அடுக்களை வாசலில் ஸ்ரீகுமாரி வந்து நின்றாள். குளத்துக்கு அக்கரையில் வீடு. கார் இறங்கிய நேரத்தில் மழையோடு மழையாக எதிர்ப்படியில் துணி அலசிக்கொண்டிருந்தவள் அவள்தான். கையிலிருந்த பிளாஸ்டிக் கவரை நீட்டினாள்.

"அக்கா, இது கரையில புல்லுக்குள்ள கிடந்து. வீட்டுல வச்சிருக்க மனசு வரல்ல."

உள்ளே ரெஜியின் கத்தி. புஷ்பபாய் விரித்துப் பார்த்தாள். நுனியில் ஒரு நகக்கண் அளவு போயிருந்தது. மீதி அலகு முழுசாக இருந்தது.

"அடியோட ஒடிஞ்சுதுண்ணுல்லா அவரு சொல்லுதாரு?"

ஸ்ரீகுமாரி தலையைக் குனிந்துகொண்டாள். "அண்ணன் அறுக்கவே இல்ல அக்கா. பூட்டுக்குள்ள விட்டு நெம்பினாரு. நான் அக்கரையில நிண்ணு, 'பெல்ட்ட அறுங்க, பெல்ட்ட அறுங்க'ண்ணு தொண்ட கீற விளிச்சேன். நுனி ஒடிஞ்சதும், நாசம் பிடிச்ச கத்திண்ணு கரைக்கு எறிஞ்சிட்டு, ஆளு கூப்பிட ரோட்டுக்கு ஓடினாரு. நான் சுத்தி ஓடி வந்து சேரும்பம் தண்ணி அவனுக்குத் தலைக்கு மேல போயாச்சு."

அவள் போனதும் புஷ்பபாய் கத்தியில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்தாள். பிறகு உள்ளே போய் ரெஜியின் பயணப் பையை இழுத்தாள். அதன் தோள்வார் இரண்டு விரல் அகலம், கெட்டி நைலான். கத்தியை வைத்து இழுத்தாள். ஒரே இழுப்பில் இரண்டாக விழுந்தது. நம்பாமல் இன்னொரு தடவை இழுத்தாள். அதுவும் விழுந்தது. துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டாள்.

முன்னறையில் ராஜதாஸ் புதிதாக வந்த இருவரிடம் "அடியோட ஒடிஞ்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் போய், வார்த் துண்டுகளையும் கத்தியையும் டீப்பாயில் வைத்தாள்.

"இது அறுக்குது" என்றாள். "நீங்கதான் நெம்பினீங்க."

ராஜதாஸ் கத்தியைப் பார்த்தார். "நெம்பித்தான் புஷ்பம் கைக்குப் பழக்கம். அறுக்கணும்ணு அந்நேரம் தோணல்ல."

சுவரைப் பிடித்துக்கொண்டு ஆனந்தபாய் வந்தாள். கத்தியை எடுத்து அலகில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். இரத்தம் பொட்டாகத் துளிர்த்தது. ஒன்பது நாளில் முதல்முறையாக அவள் முகம் தெளிந்தது.

"பாத்தியா மக்கா, எனக்க பிள்ள நல்லது பாத்துத்தான் வாங்கியிருக்கான்" என்றாள். பிறகு மருமகன் பக்கம் திரும்பினாள். "நீங்க இத எறியும்பம் அவன் ஒண்ணும் சொல்லல்லியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அறையில் இருந்த அத்தனை பேருக்கும் அதுதான் நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் ராஜதாஸ் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

"சொன்னான் மாமி. 'அத்தான், அத இங்க தாருங்க, நான் அறுத்துக்கிடுவேன்'ண்ணு கைய நீட்டினான். அதுக்குள்ள நான் எறிஞ்சு களஞ்சுட்டேன்."