நகம் இழுத்த கோடு

கணவர் இறந்து மாதங்கள் ஆகியும், அவர் செய்த மண் கிண்ணம் மட்டும் காயாமலே இருந்தது. காயவிடாமல் வைத்திருந்தாள் தையல்காரி என்பதுதான் சரி. ஈரத்துணி சுற்றி, மேலே பாலித்தீன் பை மாட்டி, நாடாவால் கட்டி, பட்டறை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றியிருந்தாள். துணி உலர்கிற மாதிரி தெரிந்தால் தண்ணீர் தெளிப்பாள். காய்ச்சல்காரப் பிள்ளையைக்கூட யாரும் அப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் பைக் நிறுத்தக் கட்டிய அறை அது. அவளுக்கு மண்பாண்டப் பைத்தியம் பிடித்ததும் பைக் மழையில் நனையப் போயிற்று. பழைய மின்சாரச் சக்கரம் ஒன்றும் இடுப்பு உயரச் சூளை ஒன்றும் உள்ளே வந்தன. கருவிகளில் பாதி தையல் பெட்டியிலிருந்து தப்பி வந்தவை. மண்ணை அறுக்கத் தடித்த நூல், துளை போட முனை மழுங்கிய ஊசி, உட்புறத்தை வழித்து வழுவழுப்பாக்க ஒரு பெரிய கோட்டுப் பொத்தான். லேஸ் துண்டை ஈர மண்ணில் அழுத்தி எடுத்தால் பூ விழுகிறது என்று கண்டுபிடித்த அன்று அவள் சாப்பிடவே இல்லை. துருப்பிடித்த ஆணியைச் சுரண்டி, பாண்டத்துக்குப் பளபளப்பாகப் பூசும் மெருகில் கலப்பாள், தேயிலைச் சக்கையை எரித்த சாம்பலைக் கலப்பாள். நிறம் பார்க்கச் சின்னச் சின்ன வில்லைகளாகச் சுட்டு வரிசையாக அடுக்குவாள்.

"பிஸ்கட் வெந்துருச்சா?" என்று எட்டிப் பார்ப்பார் பஸ் ஓட்டுநரான கணவர்.

"வெந்துருச்சு. கடிச்சுப் பாருங்க, பல்லு மிஞ்சுதான்னு பாப்போம்."

ஒரு விடுமுறை நாளில் வாய்ப்பேச்சு வளர்ந்து, "ஸ்டியரிங் புடிக்கிற கைக்கு இதெல்லாம் வராதுங்க" என்று அவள் சொல்லிவிட, மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சக்கரத்தின் முன் உட்கார்ந்துவிட்டார். மண்ணை நடுவில் நிறுத்திக் கொடுத்ததோடு அவள் கையை எடுத்துக்கொண்டாள். மற்றதெல்லாம் அவர் கைவேலை. அடி தடித்து, விளிம்பு மெலிந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒரு கிண்ணம் பிறந்தது. அவருடைய கட்டைவிரல் நகம் எப்போதோ பஸ் கதவில் நசுங்கிப் பிளந்தது, பிறகு ஒட்டவே இல்லை. அந்தப் பிளவு கிண்ணத்தின் உள்ளே அடியிலிருந்து விளிம்பு வரை சுற்றிச் சுற்றி ஒரு கோடு இழுத்திருந்தது.

"இது என்ன கிண்ணமா, மேட்டுல ஏறுற பஸ்ஸா?"

"காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. கேலி பண்ணாம சுட்டுக் குடு. இனிமே எனக்குக் காபி இதுலதான்."

அந்த வாரமே போய்விட்டார். டிப்போவில் பஸ்ஸைக் கிளப்பிவிட்டு, ஓட்டாமல் அப்படியே ஸ்டியரிங் மேல் சாய்ந்தவர்தான். பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள், வண்டி ஏன் இன்னும் புறப்படவில்லை என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்களாம். அதைக் கேட்டபோது அவளுக்கு அவர்கள்மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை.

அவர் சட்டைகள் அலமாரி நிறைய இருந்தன. ஆனால் எல்லாம் அவள் தைத்தவை. அந்த வீட்டில் அவர் கையால் ஆனது என்று சொல்ல அந்தக் கோணல் கிண்ணம் ஒன்றுதான் இருந்தது. அது நாத்தனாருக்கும் தெரியும். தம்பியைத் தூக்கி வளர்த்த அக்கா, விடுவாளா?

"சுட்டியாம்மா?" என்று வாரந்தோறும் போனில் கேட்பாள்.

"இன்னும் இல்ல அண்ணி. அவசரப்பட்டா வெடிச்சிரும்."

சாக்கு இல்லை, உண்மைதான். அடி அவ்வளவு தடிமன். உள்ளே ஈரம் துளி இருந்தாலும் சூளையில் சுக்குநூறாகிவிடும். முதலில் அதே மாதிரி சில கிண்ணங்கள் செய்து சுட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தாள். அங்கேதான் வந்தது வினை. அவளுக்குக் கோணலாகச் செய்ய வரவில்லை. வேண்டுமென்றே சாய்ப்பாள், கை நிமிர்த்திவிடும். இத்தனை வருடம் பிசிறில்லாமல் தைத்த கை. கடைசியில் அடியில் மண்ணை அப்பித் தடிமனாக்கிச் சுட்டாள். முதல் முறை சூளைக்குள் பட்டென்று வெடித்தது. அடியைச் செதுக்கி மெலிதாக்கி, மெதுவாகக் காயவைத்துச் சுட்டது முழுசாக வந்தது. வழி தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை நாத்தனாருக்குப் போன் போட்டாள். "சாயங்காலம் வாங்க அண்ணி. சூளைல வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துருங்க."

பிறகு நாடாவை அவிழ்த்தாள். கோடு அப்படியே இருந்தது. விரலால் தொடக்கூடப் பயந்து, ஊதிப் பார்த்தாள். கிண்ணத்தைச் சக்கரத்தில் கவிழ்த்து, கம்பி வளையத்தால் அடியைச் செதுக்கினாள். மூச்சை அடக்கிக்கொண்டு செய்த வேலை அது, ஒரு குறையும் வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. நிமிர்த்தி வைத்தாள். விளிம்பில் ஒரு இடம் பிசிறு தட்டியிருந்தது. விட்டால் அங்கிருந்து விரிசல் ஓடும். ஈரப் பஞ்சை எடுத்து விளிம்பில் வைத்தாள், சக்கரம் சுற்றியது.

இனி எத்தனை நாள் காயவைப்பது, சூளையை எவ்வளவு மெதுவாகச் சூடேற்றுவது, வெடித்தால் அண்ணியின் முகத்தில் எப்படி விழிப்பது. மனசு முழுக்கச் சூளையிலேயே நின்றது. கை பாட்டுக்குப் பழக்கதோஷத்தில் பஞ்சை வைத்துவிட்டுப் பொத்தானை எடுத்து உள்ளே இறங்கியது. அடியிலிருந்து மேலே, மேலிருந்து அடிக்கு. நல்ல வேலைக்காரக் கை, ஒரு மேடு பள்ளம் விடவில்லை.

சக்கரத்தை நிறுத்திவிட்டுத்தான் பார்த்தாள்.

உள்ளே கண்ணாடிபோல் இருந்தது. பொத்தான் அழுத்திய அழுத்தில் சாய்வும் நிமிர்ந்துவிட்டிருந்தது. அவள் பொத்தானைப் பார்த்தாள். ஓரத்தில் சேறு வழிந்துகொண்டிருந்தது. அவர் விரல் பட்ட மண் அத்தனையும் அந்தச் சேற்றில்தான் இருந்தது. "ஐயோ, என்னங்க" என்று ஆளில்லாத அறையில் கத்திவிட்டாள். கொள்ளி வைத்த அன்றுகூட அவள் இப்படி அழவில்லை. அன்று அவரை எடுத்துப் போனது யாரோ. இன்று அவளே.

அழுது ஓய்ந்தபோது கள்ளப்புத்தி ஒன்று வந்தது. மண் இன்னும் ஈரம்தானே, ஊசியால் ஒரு கோடு இழுத்துவிட்டால் அண்ணிக்கு என்ன தெரியப்போகிறது? ஊசியை எடுத்தும்விட்டாள். கிண்ணத்துக்குள் கொண்டுபோனாள். தூ என்று தன்னையே காறித் துப்பிக்கொண்டு ஊசியை வீசினாள்.

நாத்தனார் சொன்னபடி வந்தாள். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் நேரே பட்டறைக்குள் நுழைந்து, இரண்டு கையாலும் கிண்ணத்தை வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்த அழகைத் தையல்காரியால் பார்க்க முடியவில்லை.

"என் தம்பியா செஞ்சான் இத? கோணல் கோணல்னு சொன்னியேம்மா! எவ்வளவு நேர்த்தியா இருக்கு பாரு. சின்னதுல அவனுக்கு ஒரு நேர்கோடு போட வராது. நான் கொட்டுவேன் தலைல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்படி ஒரு கை அவனுக்கு இருந்துருக்கு, எனக்குத் தெரியவே இல்ல."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அண்ணி சந்தோஷமாக வீட்டுக்குப் போவாள். அந்த வார்த்தை தையல்காரியின் தொண்டைவரை வந்துவிட்டது. ஆனால் அப்படிச் சொன்னால் அந்தக் கோணல் கிண்ணத்தைச் செய்த மனிதர் இல்லாமலே போய்விடுவாரே?

"இது அவர் கை இல்ல அண்ணி. என் கை. அவரோடது கோணலாத்தான் இருந்துச்சு. உள்ள நகக்கோடு இருந்துச்சு. பொத்தான எடுத்து... நான் தெரியாம... தேச்சிட்டேன் அண்ணி. எல்லாத்தையும் தேச்சிட்டேன்."

நாத்தனார் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கிண்ணத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சின்னப் பிள்ளையைச் சமாதானம் பண்ணுகிற குரலில் கேட்டாள்.

"அதனால என்னம்மா? இன்னும் சுடலையே. ஈர மண்ணுதானே, தண்ணில கரைச்சா பழையபடி வந்துராதா?"

"மண்ணு வந்துரும், அண்ணி."

நாத்தனார் ஸ்டூலில் உட்கார்ந்து கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டாள். கட்டைவிரலை உள்ளே விட்டு, அடியிலிருந்து விளிம்பு வரை மெல்லத் தடவினாள். எங்கேயாவது கொஞ்சம் மிச்சம் இருக்கிறதா என்று மறுபடியும் அடியிலிருந்து தடவத் தொடங்கினாள்.