ஐந்து நாற்பது

செஞ்சி நயினார் வீட்டில் பொழுது சாய்ந்தபின் ஒரு பருக்கைச் சோறுகூட யார் தொண்டையிலும் இறங்கியதில்லை. ஏழு தலைமுறையாக அதுதான் அந்தக் குடும்பத்தின் பெருமை. ஊரில் உள்ள மற்ற சமணக் குடும்பங்களும் இருட்டுமுன் உண்பவர்கள்தாம். ஆனால் சந்தேகம் என்று வந்தால் கேட்க வருவது இந்த வீட்டுக்குத்தான். சூரியன் ராஜகிரி மலைக்குப் பின்னால் மறைவது அஸ்தமனமா, பஞ்சாங்கத்தில் போட்டிருப்பது அஸ்தமனமா என்று ஒரு காலத்தில் ஊர் இரண்டுபட்டது. மலை குறுக்கே நிற்பதற்குச் சூரியன் பொறுப்பல்ல என்று தீர்ப்புச் சொன்னவர் சீதளநாத நயினாரின் பாட்டனார்.

சீதளநாதர் இப்போது குடும்பத் தலைவர். அவர் தம்பி ஜினசேனன் அரசியலுக்குப் போனவர். புதிதாக எது வந்தாலும் வேண்டாம் என்பது தம்பியின் கொள்கை. நில உச்சவரம்பு வேண்டாம், கூட்டுப் பண்ணை வேண்டாம், சட்டசபையில் ஒலிபெருக்கிகூட வேண்டாம் என்றார். இதைக் கேட்டு யாரும் அவருக்குப் பதவி கொடுத்துவிடவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குச் சாப்பிட எழுந்து போய்விடுவார் என்பதால் கொடுத்தார்கள். கட்சிக்குள் கோஷ்டி கட்டுவதும் கையெழுத்து வாங்குவதும் விளக்கு வைத்த பிறகுதானே நடக்கும்? சென்னையில் பத்து வருஷம் இருந்தும் ஒரு சண்டையிலும் ஜினசேனனைக் கண்டவர் இல்லை. இரண்டு கோஷ்டியும் அவரைத் தங்கள் ஆள் என்றே நம்பின. அறுபத்திரண்டில் அவரை டெல்லிக்கு அனுப்பினார்கள். ஆறே மாதத்தில் துணை அமைச்சர் ஆனார்.

ஐப்பசி பிறந்ததும் அவரிடமிருந்து கடிதம் வந்தது. அலுவலகத்தில் கனத்த திரை தொங்குகிறது, வெளியே வந்தால் பனிமூட்டம், சூரியனைப் பார்க்க முடியவில்லை. பக்கத்து வீட்டு வடநாட்டுச் சமணர் ஒரு நேரம் சொல்கிறார், அதன்படி கை கழுவலாமா என்று கேட்டிருந்தார்.

சீதளநாதருக்குச் சுருக்கென்றது. யாரோ ஒருவர் சொல்லும் நேரத்துக்கு நயினார் வீட்டுப் பிள்ளை கை கழுவுவதா? நாடு ஒன்று, கடிகாரம் ஒன்று. ரேடியோவில் எல்லா ஊருக்கும் ஒரே மணிதான் சொல்கிறான். சூரியன் மட்டும் இரண்டா? தினமும் காலையில் பஞ்சாங்கத்தைப் பார்த்து, செஞ்சியின் அஸ்தமன நேரத்தைத் தம்பிக்குத் தந்தி அடிப்பது என்று முடிவு செய்தார். ஒரு எண், அடியில் தம் பெயர். வேறு சொல் கிடையாது.

தபால் ஆபீசில் தந்தி வாங்கும் செல்லப்பன் இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தார்.

"இன்னா நயினாரே, நேத்து அஞ்சு நாப்பத்தொண்ணு, இன்னிக்கி அஞ்சு நாப்பது. நாளுக்கு நாள் எறங்கிகினே போவுது. குதிரை நம்பரா?"

குடும்ப விஷயம் என்று சொல்லிவிட்டு நயினார் நடந்தார்.

அந்த மாதம் வடக்கு எல்லையில் யுத்தம். டெல்லியில் யாரோ ஒருவர் கண்ணில் இது பட்டது: ஒரு துணை அமைச்சருக்கு, தெற்கே ஒரு கோட்டை ஊரிலிருந்து, நாள் தவறாமல் ஒரு எண் வருகிறது. எண் குறைந்துகொண்டும் வருகிறது. அந்தக் கோட்டையில் இருநூறு வருஷமாக ஆடு மேய்வதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை என்பது கோப்பில் இல்லை.

கார்த்திகை பிறந்த மூன்றாம் நாள் சாயங்காலம் டெல்லியிலிருந்து இராமச்சந்திரன் என்ற இரகசியப் போலீஸ் அதிகாரி வந்தார். நயினார் இலையில் உட்கார்ந்திருந்தார். விருந்தாளியைச் சாப்பிட அழைத்தார். வந்த காரியத்தை அதிகாரி சொன்னதும் நயினாருக்குச் சிரிப்பு வந்தது. குடும்பத்தின் ஏழு தலைமுறைக் கதையையும் சொல்லிவிடும் ஆசையில் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

அதற்குள் அதிகாரி வாசலைப் பார்த்துச் சொன்னார்: "இங்க இன்னும் நல்லா வெளிச்சம் இருக்கு சார். டெல்லியில இந்நேரம் லைட்டு போட்டிருப்பாங்க. அஞ்சு இருபத்தேழுக்கே சூரியன் போயிடுது."

நயினாரின் கை சோற்றிலேயே நின்றது.

ஐந்து இருபத்தேழு. தந்தியில் ஐந்து நாற்பது. தம்பி எப்போதும் ஐந்தே காலுக்கு உட்காருகிறவன். குழம்பு பகல், ரசம் பகல். மோர்ச்சோறு முழுவதும் இரவு. பதின்மூன்று நிமிஷம். அதுவும் தினமும். அதுவும் குடும்பத் தலைவரே கையெழுத்துப் போட்டு அனுப்பியது.

"அந்த நம்பரெல்லாம் என்ன சார்?"

பொய் சொல்வதில்லை என்று நயினார் விரதம் எடுத்தவர். உண்மையைச் சொன்னால், நயினார் வீட்டுப் பிள்ளை இருட்டில் உண்டது அரசாங்கக் கோப்பில் ஏறும்.

"சொல்றதுக்கு இல்லீங்க."

"உங்க தம்பி பதவி போயிடும். ஜெயிலுக்கே போக வேண்டியிருக்கும்."

நயினார் யோசித்தார். "ஜெயில்ல சாயந்திரச் சோறு எத்தினி மணிக்குப் போடுவாங்க?"

"அஞ்சுக்கு முன்னாலயே போட்டுடுவாங்க."

"அப்ப பரவால்ல."

நயினாரின் மனைவி ஜெயமாலா கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த வீட்டுக் கடிதங்களைக்கூட இனிப் பிரித்துப் படிப்போம் என்று அதிகாரி எச்சரித்துவிட்டுப் போனதும் உள்ளே வந்தார். "ஒரு கவளம் மோர் சோத்துக்காகக் கூடப்பொறந்தவன ஜெயிலுக்கு அனுப்புறீங்களே. நம்மாளுங்களக் கழுவுல ஏத்துன ராஜாவே தேவல."

நயினார் மறுநாளே டெல்லிக்குப் புறப்பட்டார். எழுதவும் வழியில்லை, தந்திக்கும் வழியில்லை. டெல்லியில் சூரியன் முன்னதாகவே போய்விடுகிறது என்ற ஒரே வாக்கியத்தைத் தம்பியின் காதில் சொல்லிவிட்டு வர மூன்று நாள் ரயில்.

துணை அமைச்சர் வீட்டில் ஐந்தே கால்வரை ஆட்கள் நிறைந்திருந்தார்கள். அவர்கள் கலைந்ததும் அண்ணனுக்கும் தம்பிக்கும் இலை போட்டார்கள். எப்படி ஆரம்பிப்பது என்று நயினார் சொற்களைத் தேடிக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் கறுத்தது. சமையற்காரர் வந்து விளக்கைப் போட்டார். தம்பி நிதானமாக மோரை ஊற்றிப் பிசைந்தார்.

"கைய எடுத்துட்டீங்களேண்ணா. நீங்க கடைசியா அடிச்ச நாப்பதுக்கு இன்னும் நேரம் இருக்குது."

"வெளிய பாத்தியா நீ?"

"மொத நாளே பாத்தேன். இருட்டித்தான் போச்சு. ஆனா நீங்க அடிச்சிருந்த நேரம் இன்னும் ஆவல. பனியில சூரியன் முன்னபின்ன போவும். அண்ணன் வாக்கு போவுமா?"

கேலி துளியும் இல்லை. நயினார் தம்பியின் முகத்தையே பார்த்தார். காதில் சொல்ல வந்த வாக்கியத்தைச் சொன்னால், குடும்பத் தலைவர் பிசகினார் என்றாகும். அப்புறம் பாட்டனார் தீர்ப்புக்கே யார் மதிப்புக் கொடுப்பார்கள்? சொல்லாவிட்டால் நாளைக்கும் மோர்ச்சோறு இருட்டில் இறங்கும். சூரியனும் பொய்யாகக் கூடாது, தந்தியும் பொய்யாகக் கூடாது.

"ஜினசேனா," என்றார். "நாளையிலேருந்து நம்ம குடும்பத்துல சாயந்திரச் சோறே கிடையாது. ஒருவேளைதான். பகல் பதினோரு மணிக்கு."

ஜினசேனன் ஏன் என்று கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் இருந்திருந்தால் அவர் துணை அமைச்சர் ஆகியிருக்க மாட்டார். சரி அண்ணா என்று இலையை மூடினார்.

யுத்த காலத்தில் துணை அமைச்சர் ஒருவேளை உணவை நாட்டுக்காக விட்டுவிட்டார் என்று டெல்லியில் பேச்சுப் பரவியது. அவரும் மறுக்கவில்லை, அவருக்கே காரணம் தெரியாது. தந்திகள் நின்றதைத் தமது விசாரணையின் வெற்றி என்று இராமச்சந்திரன் எழுதிக் கோப்பை மூடினார். தையில் ஜினசேனன் முழு அமைச்சர் ஆனார்.

செஞ்சியில் பஸ்ஸை விட்டிறங்கி நேரே வீட்டுக்கு வந்த நயினார், கூடத்தில் நின்றபடியே உத்தரவைச் சொன்னார். ஜெயமாலா கணக்காகக் கேட்டார்: "ஆளுங்க, புள்ளைங்க எல்லாம் சேத்துப் பத்தொம்பது பேருங்க. எல்லாருக்குமா?"

"எல்லாருக்குந்தான்."

அன்று முதல் அந்த வீட்டு அடுப்பு பகலோடு அணைந்தது. சமணத் தெருவில் மரியாதை இன்னும் ஒரு படி ஏறியது. தொண்டூர்ச் சமணர்கள்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சாயங்காலமானால் நயினார் முதுகை நிமிர்த்திக் கூடத்தில் உட்கார்ந்திருப்பார். ஐந்து மணி சுமாருக்கு அவர் வயிறு உருளும் சத்தம் சமையல்கட்டுவரை கேட்கும். அந்த வீட்டில் யாரும் அதைக் காதில் வாங்கிக்கொள்வதில்லை.