அக்காவின் கடைவாய்ப் பல்

என் அத்தானுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. கைபேசியில் எவனோ எதையாவது உளறினால் போதும், அடுத்த வேளைச் சாப்பாட்டுக்குள் அத்தான் அதில் நிபுணராகிவிடுவார். பல் வைத்தியம் படித்து அதிலேயே தலை நரைத்த மைத்துனி நான் எதிரில் நிற்பது ஒரு பொருட்டே இல்லை.

அன்றைக்கு அக்காவை என் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு வந்தார்.

“இவ கடைவாய்ப் பல்லுல நீ வெள்ளி அடைச்சியே, அதுல பாதி பாதரசமாம். விஷத்தை வாயில வச்சிருக்கா. தோண்டி எடுத்துட்டு வெள்ளையா வை.”

வலது பக்கம் மெல்ல அக்காவுக்குப் பல்லே இல்லை. இடது பக்கம் இந்த ஒன்றை நம்பித்தான் சாப்பிடுகிறாள்.

“பாதரசம் இருக்கு அத்தான். ஆனா வெள்ளியோட, தகரத்தோட சேர்ந்து இறுகிடுச்சு. மெல்லும்போது வர்றது ரொம்பக் கொஞ்சம், தோண்டினாத்தான் ஜாஸ்தி ஆவி கிளம்பும். குறையே இல்லைன்னு சொல்லல. கறுப்பா இருக்கும், பல்லோட ஒட்டாது, அது நிக்கறதுக்கு நல்ல பல்லையும் வெட்டணும். ஆனா எச்சில் பட்டாலும் தாங்கும், வருஷக்கணக்கா உழைக்கும். வெள்ளை அழகு, ஒட்டிக்கும், வைக்கும்போது ஈரம் மட்டும் ஆகாது. இவளுக்குச் சுத்தி மிச்சமிருக்கற பல்லு முட்டை ஓடு மாதிரி மெலிசு. கை வச்சா போயிடும்.”

“உங்களுக்கெல்லாம் புதுசா எதுவும் கத்துக்க உடம்பு வளையாது,” என்றார் அந்த மேதை.

அக்கா பயத்தோடு என்னைப் பார்த்தாள். ஆனால் அவர் பேச்சைத் தட்டி அவளுக்குப் பழக்கமில்லை.

அடுத்த வாரமே ஏதோ ஒரு பளபளப்பான கிளினிக்கில் தோண்டினார்கள். பல் இரண்டாகப் பிளந்தது, வேரோடு பிடுங்கிவிட்டார்கள். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அக்கா இப்போது ரொட்டியைப் பாலில் நனைத்து விழுங்குகிறாள்.

கட்டுப்பல்லுக்கு அளவெடுக்க அவளை வரச் சொன்னேன். கூடவே அத்தானும் வந்தார். “வந்ததுதான் வந்தேன், என்னையும் பார்த்துடு,” என்று நாற்காலியில் சாய்ந்தார். வெட்கம், மானம் ஒன்றுமில்லை. இத்தனை வருடத்தில் என்னிடம் பேசத்தான் வாய் திறந்திருக்கிறார், பல்லைக் காட்டியதில்லை. விளக்கைத் திருப்பினேன். மேலும் கீழுமாக நான்கு வெள்ளி அடைப்புகள், எவரோ எப்போதோ வைத்தவை.

“உங்களுக்கும் பாதரசம்தான் அத்தான். எடுத்துடலாமா?”

பதறி எழுந்துவிட்டார். “வேணாம், வேணாம். அதான் இவளுக்குப் பண்ணிப் பார்த்தோமே, சரியா வரலையே.”

ஊருக்குத்தான் உபதேசம். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த பல் பார்க்கும் கண்ணாடியைத் தட்டில் எறிந்தேன்.

அக்கா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“பண்ணிப் பார்த்தது என் வாயில,” என்றாள்.