நாத்தனார் காலும் பதினோராம் நாள் தட்டும்

பாக்டீரியாக்களைத் தாக்கி அழிக்கும் வைரஸ்களை வளர்ப்பதுதான் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. நாத்தனார் காலில் வந்த புண் எந்த மருந்துக்கும் மசியாமல் போனபோது, டாக்டரே அவளைத் தேடி வந்தார். அவள் சாக்கடைத் தண்ணீரை வடிகட்டி, அந்தப் புண்ணின் பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ் ஒன்றைப் பிடித்தாள்.

"என் மேல இருக்கற கோவத்துக்குச் சாக்கடையையா ஊத்தப்போற?" என்றாள் நாத்தனார்.

"கோவம் இருந்தா வடிகட்டாமலே ஊத்தியிருப்பேன் அண்ணி."

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலை நீட்டினாள்.

முதல் வாரம் புண் வற்றியது. இரண்டாம் வாரம் மறுபடியும் சீழ். பாக்டீரியா தன் மேலுறையை மாற்றிக்கொண்டிருந்தது. வைரஸுக்கு ஒட்டிக்கொள்ளப் பிடி கிடைக்கவில்லை.

"வேற வைரஸ் தேடலாமா?" என்றார் டாக்டர்.

"இதுவே வழி கண்டுபிடிக்குதான்னு பாக்கறேன். பத்துப் பன்னெண்டு நாள் குடுங்க."

பழைய பாக்டீரியாவையும் மாறிய பாக்டீரியாவையும் ஒரே குடுவையில் கலந்து வைரஸை விட்டாள். பழையதற்குள் புகுந்து வைரஸ் கோடிக்கணக்கில் பெருகும். அத்தனை கோடியில் ஒன்றிரண்டு பிசகிப் பிறக்கும். அந்தப் பிசகுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. தினமும் காலையில் வைரஸை மட்டும் வடித்துப் புதுக் குடுவைக்கு மாற்றுவாள். அதில் ஒரு சொட்டை, மாறிய பாக்டீரியாவைப் பரப்பிய தட்டில் விடுவாள். மறுநாள் தட்டு, பாக்டீரியா வளர்ந்து மாவு பூசினாற்போல முழுக்க வெளுத்திருக்கும். வைரஸ் தோற்றுவிட்டது என்று அர்த்தம். ஒன்பதாம் நாள் அவளுக்கே கை சோர்ந்துவிட்டது.

பதினோராம் நாள் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். வெள்ளைக்கு நடுவே, குண்டூசித் தலை அளவில் மூன்று துளைகள். பாக்டீரியா செத்த இடங்கள். வைரஸின் வால்நுனி மாறி, புது உறையிலும் பிடி போட்டிருந்தது.

"டாக்டர், ஓட்டை விழுந்துடுச்சு!" என்று போனில் கத்தினாள்.

"பாக்டீரியா திரும்பவும் மாறிக்கிட்டா?"

"மாறட்டுமே. வைரஸையும் விடாம மாத்திக்கிட்டே இருப்பேன்."

அந்த மூன்று துளைகளிலிருந்த வைரஸை எடுத்துப் பெருக்கி, சுத்தம் செய்து, சோதித்து, பழைய வைரஸோடு சேர்த்தே புண்ணில் விட்டார்கள். ஆறு வாரத்தில் தோல் மூடிக்கொண்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் யார் கையையும் பிடிக்காமல் மூன்று மாடி ஏறி வந்தாள்.

"இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கேன், ஒரு டீ கிடையாதா?"

அவள் பால் வைத்தாள். நாத்தனார் அடுப்படிக்குள் புகுந்து, ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்துக் குறை சொல்ல ஆரம்பித்தாள். அவளுக்கு அதைக் கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது.