லைட்டுக்கு உட்கார்ந்தவள்

பதினேழு போட்டோகிராபர்களின் வாழ்க்கைக் கதைகளைப் படித்து முடித்துவிட்டேன். ஒருத்தர் போர்முனையில் காலைப் பறிகொடுத்திருக்கிறார். இன்னொருத்தர் ஓநாய் வருமென்று பனியில் ஆறு வாரம் படுத்துக் கிடந்திருக்கிறார். நானோ ஒன்பதுக்குப் பத்து அறையில், "காது தெரியணும், சிரிக்காதீங்க" என்று சொல்லிச் சொல்லியே தொண்டை தேய்ந்தவன். பாஸ்போர்ட் போட்டோதான் பிழைப்பு.

நூலகத்தில் ஒரு கண்காட்சி வைக்கிறார்கள். ஒரே விஷயத்தைப் பற்றிப் பத்துப் படங்கள் அனுப்ப வேண்டும். இன்று சாயங்காலம் ஐந்து மணிதான் கெடு. எனக்கு நாற்பத்தொன்பது வயது. இதையும் விட்டால் ஸ்டாம்ப் சைஸிலேயே காலம் போய்விடும் என்று பயம். அதனால்தான் இத்தனை புத்தகம். படித்ததில் கிடைத்தது கழுத்துவலி மட்டும்.

காலையில் கடையைத் திறந்ததும் வழக்கம்போல என் மனைவி மாடியிலிருந்து இறங்கி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். முதல் ஆள் வருவதற்கு முன் லைட்டைச் சரிபார்க்க ஒரு முகம் வேண்டும். பதினாலு வருஷமாக அது அவள் முகம். இன்றோடு சரி. நாளையிலிருந்து கண் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷன் வேலைக்குப் போகிறாள்.

"சீக்கிரம் எடுங்க. துணி ஊற வச்சிருக்கேன்."

எடுத்தேன். பின்சுவரில் நிழல் இல்லை. போகலாம் என்று தலையாட்டிவிட்டுப் பதினெட்டாவது புத்தகத்தைப் பிரித்தேன்.

அதில் வரும் போட்டோகிராபர் அம்மா எங்கேயும் போகவில்லை. எதிர்வீட்டு வாசலை ஒரே ஜன்னலிலிருந்து இருபது வருஷம் தினமும் எடுத்திருக்கிறார். அவ்வளவுதான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே ஸ்டூல், அதே வெள்ளைச் சுவர், பதினாலு வருஷம். வயிற்றில் பிள்ளையோடு என் மனைவி உட்கார்ந்திருக்கிறாள். அவள் அம்மா போன மறுவாரம் முகம் வீங்கி உட்கார்ந்திருக்கிறாள். என்னோடு பேசாமல் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்த நாட்களிலும் வந்து உட்கார்ந்திருக்கிறாள். பத்துப் படம் என்ன, நாலாயிரம் தேறும்.

கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. லைட் சரியென்று தெரிந்த அடுத்த நிமிஷமே அந்தப் படத்தை அழித்துவிடுவது என் பழக்கம். வேண்டாத படத்தைச் சேர்த்து வைக்காதவன் என்று எனக்கு அதில் பெருமை வேறு. இன்று மட்டும் புத்தகப் பராக்கில் மறந்திருந்தேன்.

அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஈரக் கையோடு நின்று திரையையே பார்த்தாள்.

"இது ஒண்ணுதான் இருக்கா?"

"ஒண்ணுதான்."

"இவ்வளவு அசந்து போயா இருக்கேன்?" என் பக்கம் திரும்பி, "தினமும் இப்படித்தான் இருந்தேனா?" என்றாள்.

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"தெரியலம்மா. நான் சுவத்துல நிழல் விழுதான்னுதான் பார்த்தேன்."

கோபப்படுவாள் என்று நினைத்தேன். படவில்லை. ஸ்டூலைச் சுவரோரம் தள்ளி வைத்தாள்.

"நாளைக்கு ஒரு பூசணிக்காயை வச்சுப் பார்த்துக்கங்க. நிழல்தானே, அதுக்கும் விழும்."

துணி அலசப் போய்விட்டாள். நான் எதையும் அனுப்பவில்லை. ஐந்து மணிவரை அந்த ஒரு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடது புருவத்துக்கு மேலே சின்னதாக ஒரு தழும்பு இருந்தது. பழைய தழும்பு. எப்போது பட்டதென்று அவளைக் கேட்க வெட்கமாக இருந்தது.