களைத்த மாட்டின் பால்

சாயங்காலக் கஞ்சியும் தொட்டும் தொடாமலும் கிண்ணத்தில் அப்படியே இருந்தது. இனயம் கோயில் சாமியாரின் குசினிக்காரன் ததேயுஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை. 1932 பங்குனியில் வந்த காய்ச்சல் விட்டு ஒரு மாதமாகியும், இத்தாலிக்காரரான லூயிஜி சாமியார் கட்டிலை விட்டு இறங்கவில்லை. இப்படியே போனால் அடுத்த கப்பலில் ஊருக்கே அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. புதுச் சாமியார் வந்தால் புதுக் குசினிக்காரனும் வருவான். ஆனால் பிழைப்புப் போவதைவிட, இத்தனை வருஷம் தன் கைச்சமையலைச் சாப்பிட்ட மனுஷன் வெறும் வயிற்றோடு போவதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

கிண்ணத்தை எடுக்கும்போது சாமியார் தானாகவே வாய் திறந்து, தம் ஊர்ப் பாற்கட்டி ஒன்றைப் பற்றிச் சொன்னார். ஸ்ட்ராக்கினோ என்று பேர், வெண்ணெய்போல் மெத்தென்றிருக்குமாம். கோடை முடிந்ததும் மலைமேய்ச்சலிலிருந்து மாடுகள் நாள்கணக்கில் நடந்து இறங்கும். களைத்துப்போன அந்த மாடுகளின் பாலில் செய்வது. அவர்கள் பேச்சில் களைப்பைக் குறிக்கும் சொல்தான் அதற்குப் பேராகிவிட்டதாம். சொல்லும்போது அவர் கண் கலங்கியது.

விடிந்ததும் ததேயுஸ் சாமியார் வீட்டுச் செவலைப் பசுவை அவிழ்த்தான். கருங்கல் சந்தைவரை ஓட்டிப்போய், சித்திரை வெயிலில் திரும்ப ஓட்டிவந்தான். வழியில் விலை கேட்டவர்களுக்குப் பதில் சொல்லக்கூட நிற்கவில்லை. ஊர் எல்லையில் மனைவி சூசம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

“மாட்ட இப்பிடி நடத்தினா இருக்கிய பாலும் வத்திப் போவும். ஒமக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?”

“வெறுதேயா ஏட்டி அந்தப் பேர வச்சிருப்பானுவ?” என்றான் ததேயுஸ்.

கன்றை முட்டவிட்டும் அரைச் செம்புதான் கறந்தது. காய்ச்சி, எலுமிச்சை பிழிந்து, துணியில் கட்டித் தொங்கவிட்டு, வெயில் தாழ்ந்ததும் ஒரு சிறு உருண்டையைத் தட்டில் வைத்துக் கொண்டுபோனான்.

சாமியார் முகர்ந்து பார்த்து, எப்படிச் செய்தாய் என்று கேட்டார். பெருமையாகச் சொன்னான். அவர் முகம் சிவந்துவிட்டது. சுவரைப் பிடித்து எழுந்து, தாங்க வந்த கையைத் தட்டிவிட்டு, தள்ளாடித் தள்ளாடித் தொழுவம்வரை நடந்தார். தம் பாஷையில் திட்டிக்கொண்டே செவலையின் குளம்புகளுக்குத் தண்ணீர் மோந்து ஊற்றினார். ததேயுஸ் தட்டும் கையுமாகக் கூனிக் குறுகி நின்றான். கடைசியில் மூச்சு வாங்க, மாட்டின் பக்கத்திலேயே வைக்கோலில் உட்கார்ந்துவிட்டார்.

“ததேயுஸ், கஞ்சி இருக்கா?”

தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டுக் குசினிக்கு ஓடினான். தினமும் காய்ச்சிக் கீழே கொட்டிய கஞ்சியை அன்றைக்குத்தான் காய்ச்சவில்லை. அரிசியைக் களைந்து போட்டு, இது வேகும்வரை அந்தப் பசி நிற்க வேண்டுமே என்று பதறிப் பதறி அடுப்பை ஊதினான். புகையில் கண் எரிந்து ஜன்னல் பக்கம் திரும்பினான். செவலை படுத்துவிட்டிருந்தது. அதன் வயிற்றில் சாய்ந்து சாமியார் குசினியையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டிலிருந்ததைக் கன்று நக்கிக்கொண்டிருந்தது.